மருந்து விலக, ஊசி நின்றது: உலர் ஊசிச் சிகிச்சையின் வரலாற்று வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

தசைவலிக்கும் நரம்பு வழியே பரவும் வலிக்கும் இன்று இயன்முறை மருத்துவ நிலையங்களில் செய்யப்படும் 'டிரை நீடிலிங்' எனும் உலர் ஊசிச் சிகிச்சை உருவான வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சிகிச்சை சீன அக்குபஞ்சரின் மறுபெயர் என்று ஒரு சாராரும், முற்றிலும் மேற்கத்திய மருத்துவத்தின் கண்டுபிடிப்பு என்று இன்னொரு சாராரும் கூறுகின்றனர். இரண்டும் முழு உண்மை ஆகா. நோகும் இடத்தில் ஊசி குத்தும் பழைய வழக்கத்துடன் 19ஆம் நூற்றாண்டில் மருந்து சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்த மருந்து படிப்படியாகக் கழிக்கப்பட்டது. அந்தக் கழித்தலே உலர் ஊசியின் வரலாறு என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: உலர் ஊசி, தூண்டுபுள்ளி, தசை முடிச்சு, பரவும் வலி, துடிப்பு, நரம்புவேர்.

1. முன்னுரை

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மேடாக இருக்கும் சதையைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பார்த்தால், பலருக்கு உள்ளே கயிறு போல் ஓர் இழை தட்டுப்படும். அந்த இழையில் ஓரிடம் மட்டும் புளியங்கொட்டை போலக் கெட்டியாக இருக்கும். அழுத்தினால் வலி அங்கேயே நிற்பதில்லை; கழுத்தின் பக்கவாட்டில் ஏறி நெற்றிப்பொட்டு வரை போகும். ட்ரப்பீசியஸ் எனப்படும் அந்தத் தசையின் இந்த இடத்தைத்தான் மருத்துவர்கள் 'டிரிகர் பாயிண்ட்', அதாவது தூண்டுபுள்ளி என்கின்றனர்.

சிகிச்சையாளர் அந்த இடத்தை விரல்களுக்கு இடையே பிடித்துக்கொண்டு, தோலைத் துடைத்துவிட்டு, சிறிய பிளாஸ்டிக் குழாயை அதன்மேல் வைத்து, அதற்குள் இருக்கும் மெல்லிய ஊசியின் தலையில் ஒரு தட்டு தட்டுகிறார். ஊசியின் கனம் கால் மில்லிமீட்டர் அளவே. அதற்குள் துளை கிடையாது. எதையும் செலுத்த முடியாது. தோலைக் கடக்கும்போது பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ஊசி முனை முடிச்சைத் தொட்டதும் தசை தானாக ஒருமுறை வெட்டி இழுக்கிறது. நோயாளிக்கு ஆழமான ஒரு கடுப்பு தெரிகிறது. "இதுதான், தினமும் வர்ற வலி இதுதான்" என்கிறார். சில முறை ஊசியை மேலும் கீழும் அசைத்துவிட்டு எடுத்துவிடுகிறார்கள். அன்று முழுதும் அந்த இடம் நோகும். மறுநாள் பலருக்குக் கழுத்து எளிதாகத் திரும்புகிறது.

உள்ளே எதுவும் செல்லாத ஓர் ஊசி எதைச் செய்கிறது? இக்கேள்வியை இன்றைய ஆய்வகத்திலிருந்து தொடங்குவதைவிட, இப்படி வெறும் ஊசியைக் குத்தலாம் என்று மருத்துவர்கள் எப்போது, எதனால் துணிந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குவதே தெளிவு தரும்.

2. நோகும் இடமும் பழைய ஊசியும்

சீன மருத்துவத்தில் குறித்து வைக்கப்பட்ட புள்ளிகளோடு, குறிக்கப்படாத புள்ளிகளும் உண்டு. 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் அவற்றை 'அ-ஷி' புள்ளிகள் என்றார். 'ஆம், அதுதான்' என்பது அச்சொல்லின் பொருள். மருத்துவரின் விரல் சரியான இடத்தில் அழுந்தும்போது நோயாளி வாயிலிருந்து வரும் சொல்லே புள்ளியின் பெயராகிவிட்டது. வரைபடத்தில் இல்லாத இடத்தை நோயாளியின் உடலே காட்டித் தருகிறது என்னும் இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

ஜப்பானில் டச்சு வணிகர்களின் மருத்துவராகப் பணியாற்றிய வில்லெம் டென் ரைனே 1683இல் வெளியிட்ட நூலின் வழியே ஐரோப்பா இம்முறையை விரிவாக அறிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் மருத்துவர்கள் இதைக் கையாண்டனர். லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சர்ச்சில் 1821இல் ஊசி குத்துதல் பற்றித் தனி நூலே எழுதினார். ஜான் எலியட்சன் 1827இல், மூட்டு, தசை வலியால் வாடிய 42 பேருக்கு ஊசி குத்தியதில் 30 பேர் குணமடைந்ததாக அறிவித்தார்.

இம்மருத்துவர்கள் சீனரின் நாடிப் பாதைகளைப் பின்பற்றவில்லை. எங்கே வலித்ததோ அங்கே குத்தினர். ஊசியை எடுத்துக்கொண்டு கோட்பாட்டை விட்டுவிட்டனர் எனலாம். இப்பழக்கம் நூற்றாண்டு முழுதும் மெலிதாகத் தொடர்ந்தது. நவீன மருத்துவக் கல்வியின் தந்தையருள் ஒருவரான வில்லியம் ஆஸ்லர் 1892இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடநூலில், இடுப்புப் பிடிப்புக்கு மூன்று நான்கு அங்குல நீள ஊசியை இடுப்புச் சதையில் நோகும் இடத்தில் செலுத்தி, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு எடுக்கப் பரிந்துரைக்கிறார். தொப்பியைக் கூந்தலோடு பிணைக்கப் பெண்கள் பயன்படுத்திய ஊசியே போதும், கிருமி நீக்கினால் சரி என்பது அவர் கருத்து. இன்றைய உலர் ஊசிக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆனாலும் இந்தக் கிளை அப்படியே பட்டுப்போனது. அதற்குக் காரணம் ஒரு புதிய கருவி.

3. ஊசிக்குள் மருந்து வந்த கதை

எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் வுட் 1853இல் துளையுள்ள ஊசியைப் பீச்சாங்குழலோடு இணைத்து நோயாளியின் தோலுக்கடியில் மார்ஃபின் செலுத்தினார். 1855இல் அதைப் பற்றி எழுதியபோது அவர் முன்வைத்தது, வலிக்கும் புள்ளியிலேயே ஓபியம் சார்ந்த மருந்தை நேரடியாகச் சேர்க்கும் புதிய முறை என்பதையே. மருந்து செலுத்திய இடத்தில் வேலை செய்கிறது என்று அவர் நம்பினார். அது ரத்தத்தில் கலந்து உடல் முழுதும் பரவியே வேலை செய்கிறது என்பது பின்னர் தெளிவானது. இன்று உலகெங்கும் தடுப்பூசி முதல் இன்சுலின் வரை செலுத்தும் சிரிஞ்சு, தொடக்கத்தில் நோகும் புள்ளியைத் தேடிச் சென்ற கருவி என்பது இவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

1884இல் கோகெய்ன் கண்ணை மரக்கச் செய்வதை வியன்னாவில் கார்ல் கொல்லர் காட்டினார். அதன் தீமைகள் இல்லாத மாற்றாக 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் புரோகெய்ன் வந்தது. நோவோகெய்ன் என்பது அதன் வணிகப் பெயர். இதன்பின் வலிக்கும் இடத்தில் குத்துவதற்கு வெறும் ஊசியை எடுப்பது பழமையாகத் தோன்றியது. வலி குறைந்தால் பெருமை மருந்துக்குப் போனது. ஊசி, மருந்தைக் கொண்டு சேர்க்கும் வண்டி மட்டுமே என்று ஆனது. அந்த வண்டியும் ஏதேனும் செய்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை; அக்கேள்விக்கான வழியைத் திறக்கப் பின்னர் ஓர் உப்புநீர்ச் சோதனை தேவைப்பட்டது.

4. கெல்கிரனின் உப்புநீர்

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சர் தாமஸ் லூயிஸின் கீழ் பணியாற்றிய ஜோனாஸ் கெல்கிரன், 1938இல் எளிமையும் துணிவும் கலந்த ஒரு சோதனையை வெளியிட்டார். 6 விழுக்காடு உப்புக் கரைசலைத் தசைகளுக்குள் மிகச் சிறிய அளவில் செலுத்தினார். அது சிறிது நேரம் கடும் வலியைத் தரும். தீங்கு எதுவும் இராது. வலி எங்கே தெரிகிறது என்று செலுத்தப்பட்டவர் சொல்ல வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே காலின் முன்புறத் தசையில் செலுத்தினால் வலி கணுக்காலில் தெரிந்தது. முதுகுத் தசையில் செலுத்தினால் வலி வேறு இடத்துக்கு ஓடியது. தசை ஒவ்வொன்றும் தன் வலியை ஓர் ஒழுங்கோடு தொலைவுக்கு அனுப்புகிறது என்பது அப்போது தெளிவாயிற்று. அடுத்து அவர் நோயாளிகளிடம் சென்றார். வலி தெரியும் இடத்தை விட்டுவிட்டு, வலியை அனுப்பும் தசையின் நோகும் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து நோவோகெய்ன் செலுத்தியதும் பலருக்கு வலி மறைந்தது.

இது ஒரு திருப்பம். சர்ச்சிலும் ஆஸ்லரும் நோயாளி கை வைத்துக் காட்டிய இடத்தில் குத்தினர். கெல்கிரனுக்குப் பின், நோயாளி காட்டும் இடமும் நோயின் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்றாயிற்று. முட்டி வலி தொடையிலிருந்தும், தலைவலி தோளிலிருந்தும் வரலாம். விரலால் தேடுவது அப்போதுதான் ஒரு தனிக் கலையாயிற்று. 1940இல் எலும்பு மருத்துவர் ஆர்தர் ஸ்டைண்ட்லர் இத்தகைய இடங்களைத் தூண்டுபுள்ளிகள் என்று குறித்தார்.

5. ஜேனட் டிராவெலும் டேவிட் சைமன்ஸும்

இக்கலைக்கு வரைபடம் தந்தவர் ஜேனட் டிராவெல் (1901–1997). நியூயார்க்கில் இதய மருத்துவராக இருந்த அவர், நெஞ்சு நோயாலும் காசநோயாலும் படுத்திருந்தவர்கள் தம் உயிரைக் குடிக்கும் நோயைவிடத் தோள் வலியைப் பற்றியே அதிகம் முறையிடுவதைக் கண்டார். தோள் தசைகளைத் தடவிப் பார்த்தபோது முடிச்சுகள் தட்டுப்பட்டன. 1942இல், தோள், கை வலிக்குத் தசைக்குள் புரோகெய்ன் செலுத்தும் முறையைத் தம் சக மருத்துவர்களோடு வெளியிட்டார். 1952இல் சீமோர் ரின்ஸ்லருடன் எழுதிய கட்டுரையில் எந்தத் தசையின் தூண்டுபுள்ளி எங்கே வலியை அனுப்பும் என்பதைப் படங்களாகத் தொகுத்தார்.

1955இல் முதுகு வலியோடு வந்த செனட்டர் ஜான் கென்னடிக்கு அவர் தசை ஊசி போட்டார். கென்னடி 1961இல் அதிபரானபோது டிராவெல் வெள்ளை மாளிகை மருத்துவரானார். அதிபர் ஒருவரின் தனி மருத்துவராக அமர்ந்த முதல் பெண் அவரே. கென்னடி ஆடும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் படங்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நாற்காலியும் டிராவெலின் அறிவுரையே.

அவரோடு இணைந்த டேவிட் சைமன்ஸ் (1922–2010) அமெரிக்க விமானப்படை மருத்துவர். 1957 ஆகஸ்டில் பலூனில் தொங்கிய சிறு கூண்டில் தனியாக 30 கிலோமீட்டருக்கும் மேலான உயரம் சென்று திரும்பியவர். வானின் விளிம்பைத் தொட்ட அவர், எஞ்சிய வாழ்நாளைத் தசைக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் முடிச்சுக்குச் செலவிட்டார். இருவரும் எழுதிய தூண்டுபுள்ளிக் கையேட்டின் முதல் தொகுதி 1983இலும் இரண்டாம் தொகுதி 1992இலும் வந்தன. இன்று உலர் ஊசி கற்பிக்கும் எந்த வகுப்பிலும் சுவரில் தொங்கும் படங்களின் வேர் அந்நூல்களே.

ஆனால் டிராவெல் சிரிஞ்சைக் கைவிடவில்லை. மருந்து குத்தலின் வலியைத் தணிக்கிறது, பின்னர் வரும் நோவைக் குறைக்கிறது என்பது அவர் அனுபவம். தூண்டுபுள்ளியை உலகுக்குத் தந்தவரே உலர் ஊசியைத் தந்தவர் என்று பல இடங்களில் எழுதப்படுவது சரியன்று. உலர் ஊசிக்கான பாதை வேறு கைகளால் போடப்பட்டது.

6. ஒப்பீட்டுக்கு வைத்த ஊசி: 1941 முதல் 1979 வரை

1941இல் பிராவ், சிக்மண்ட் என்னும் இரு மருத்துவர்கள் இடுப்பு வலிக்கும் சயாட்டிகா எனும் கால் நரம்பு வலிக்கும் ஊசி போட்ட அனுபவத்தை எழுதினர். மருந்து செலுத்தியது, உப்புநீர் செலுத்தியது, எதையும் செலுத்தாமல் ஊசி மட்டும் குத்தியது என மூன்றையும் பார்த்தபோது, வெறும் ஊசியும் வலியைக் குறைத்தது. 1947இல் லான்செட் இதழில் பாலெட் என்பவர் இடுப்பு வலி பற்றி எழுதுகையில் 'உலர் ஊசி குத்தல்' என்னும் சொல்லையே கையாண்டார். ஊசி ஆழத்தில் சரியான இடத்தைத் தொட்டுத் தசை தானாகச் சுருங்கும்போதுதான் பலன் கிடைக்கிறது என்றும் அவர் கண்டார். 1955இல் சோலாவும் குயிட்டெர்ட்டும் கழுத்து, தோள் வலிக்கு வெறும் உப்புநீரே போதும் என்று காட்டினர்.

இவ்வாறு மருந்து ஒவ்வொரு படியாகக் கீழிறங்கியது: மரக்கச் செய்யும் மருந்து, பிறகு உப்புநீர், பிறகு ஒன்றுமில்லை. எனினும் முப்பது ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது. வெறும் ஊசி அப்போது சிகிச்சையாகக் கருதப்படவில்லை. மருந்தின் வலிமையைக் காட்ட வைக்கப்பட்ட ஒப்பீடாகவே கருதப்பட்டது. ஒப்பீடாக வைத்தது மருந்துக்கு இணையாக நின்றபோது, மருந்து அவ்வளவு வலியது இல்லைபோலும் என்று எண்ணினார்களே தவிர, ஊசியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தவர் பிராகா நகரத்தின் கரெல் லெவிட் (1916–2014). நரம்பியல் மருத்துவரான அவர் 1979இல் 'பெயின்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'ஊசி விளைவு' என்று தொடங்குகிறது. நாள்பட்ட தசைவலி கொண்ட 241 பேரின் 312 வலியிடங்களில் ஊசி குத்தினார். மிகவும் நோகும் புள்ளியை ஊசி தொட்டபோது 86.8 விழுக்காட்டு இடங்களில் வலி உடனே அடங்கியது. அதே வேளையில் அந்த இடம் மரத்துப் போகவில்லை. பின்தொடர்ந்து பார்க்கப்பட்ட 288 இடங்களில் 92இல் நிலையான நிவாரணம் இருந்தது. 58இல் பல மாதங்களும், 63இல் பல வாரங்களும், 32இல் சில நாள்களும் நீடித்தது. பலனைத் தீர்மானிப்பது ஊசி சரியான புள்ளியைத் தொடும் துல்லியமும், தொடும்போது எழும் வலியின் கடுமையும் என்று அவர் முடிவுகட்டினார்.

லெவிட்டின் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. இன்றைய அளவுகோலில் அது குறையே. ஆனால் ஒரு பெயரைச் சூட்டியதன் வழியே அவர் பார்வையைத் திருப்பிவிட்டார். அடுத்த ஆண்டே, 1980இல், ஃப்ராஸ்ட் உள்ளிட்டோர் லான்செட்டில் வெளியிட்ட இருமறை ஆய்வில், மெபிவகெய்ன் என்னும் மரப்பு மருந்தைவிட உப்புநீர் சற்றுக் கூடுதல் பலன் தருவதாகத் தெரிந்தது. மருந்து விலகியது, ஊசி நின்றது.

7. வான்கூவர்: நரம்புவேரை நோக்கி

'நரம்பு இழுக்குது', 'நரம்பு சுண்டிடுச்சு' என்று தசைப் பிடிப்பையும் நரம்பின் கணக்கிலேயே எழுதுவது நம் பேச்சு வழக்கு. உடலியல் படித்தவர்கள் அதைத் திருத்துவார்கள். மலேசியாவில் பிறந்து கனடாவின் வான்கூவரில் பணியாற்றிய சான் கன் என்னும் மருத்துவர், ஒரு வகையில் அந்தப் பேச்சு வழக்குக்கு நெருக்கமான கோட்பாட்டை முன்வைத்தார்.

அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தில் பணிபுரிந்தவர். முதுகு வலியால் வேலைக்குத் திரும்ப முடியாத தொழிலாளர்கள் அவரிடம் வந்தனர். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத அவர்களின் வலி பாசாங்கு என்று ஐயுறப்பட்டது. கன் அவர்களின் முதுகையும் கால்களையும் தடவிப் பார்த்தார். முதுகுத்தண்டிலிருந்து ஒரே நரம்புவேர் வழியே இயங்கும் தசைகளில் நோவும் சுருக்கமும் கூட்டமாக இருந்தன. நரம்புவேரின் செயல் சிறிது பழுதுபட்டால், அதை நம்பியிருக்கும் தசைகள் அளவுக்கு மீறிய கூருணர்ச்சி பெறுகின்றன. வலி அங்கே வெளிப்படுகிறது என்றார். நரம்புத் தொடர்பு குன்றிய உறுப்பு கூருணர்ச்சி பெறும் என்று வால்டர் கானன் முன்பே வகுத்த விதி அவருக்குத் துணை நின்றது. எனவே வலிக்கும் தசைக்கு மட்டுமன்றி, முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கும் ஊசி வேண்டும் என்பது அவர் முறை. கருவியாக அவர் எடுத்தது அக்குபஞ்சரின் துளையில்லா மெல்லிய ஊசி.

1980இல் 'ஸ்பைன்' இதழில் வந்த அவர் ஆய்வில் 56 ஆண்கள் பங்கேற்றனர். வழக்கமான சிகிச்சையோடு உலர் ஊசியும் பெற்ற 29 பேரில் 18 பேர் பழைய வேலைக்கோ அதற்கு ஈடான வேலைக்கோ திரும்பினர். 10 பேர் இலகுவான வேலைக்குச் சென்றனர். ஊசி பெறாத 27 பேரில் 4 பேர் பழைய வேலைக்கும் 14 பேர் இலகுவான வேலைக்கும் சென்றனர். 9 பேர் முடங்கியே இருந்தனர். வலியை எண்ணால் குறிப்பதோடு நில்லாமல், மனிதன் வேலைக்குத் திரும்பினானா என்று கேட்ட ஆய்வு இது. உலர் ஊசி வரலாற்றில் மனித வாழ்வுக்கு மிக நெருக்கமாக நிற்கும் அளவுகோல் இதுவே என்பது என் கருத்து.

8. எத்தனை ஆழம்?

மருந்து கழிந்தபின் ஆழத்தின் முறை வந்தது. இங்கிலாந்து மருத்துவர் பீட்டர் பால்ட்ரிக்கு, கழுத்தின் முன்பக்கத் தசை ஒன்றில் இருந்த தூண்டுபுள்ளிக்கு ஊசி குத்த வேண்டியிருந்தது. கீழே நுரையீரலின் உச்சி இருப்பதால் ஆழமாகச் செலுத்த அஞ்சி, தோலுக்கடியில் மட்டும் ஊசியை நிறுத்தினார். கையில் பரவிய வலி அடங்கியது. அச்சத்தால் பிறந்த இந்த அனுபவத்தை அவர் முறையாக வளர்த்தார். புள்ளிக்கு மேலே 5 முதல் 10 மில்லிமீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 30 விநாடி ஊசியை விட்டு எடுப்பது அவர் வழி. 1989இல் அவர் நூல் வெளிவந்தது.

தசையைத் தொடாத ஊசி எப்படி வேலை செய்யும்? ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த 'வாயில்' கோட்பாடு ஒரு விடை தந்தது. தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் உண்டு. வேறு உணர்ச்சிகள் அதைச் சாத்த முடியும். உடல் தானே சுரக்கும் ஓபியம் போன்ற பொருள்களும் பங்கு கொள்கின்றன என்பது அடுத்த விடை. 1988இல் ஃபைன் குழுவினர், தூண்டுபுள்ளி ஊசியின் நிவாரணத்தை நலாக்சோன் என்னும் ஓபிய எதிர்மருந்து குலைப்பதைக் காட்டினர்.

9. துடிப்பும் வேதியியலும்

ஆழமாகக் குத்தும் மரபைச் சேர்ந்தவர்கள் தசை வெட்டி இழுக்கும் துடிப்பையே பற்றிக்கொண்டனர். சாங்-செர்ன் ஹாங் 1994இல் ட்ரப்பீசியஸ் தசையில் தூண்டுபுள்ளி கொண்ட 58 பேரை ஆராய்ந்தார். லிடோகெய்ன் செலுத்தினாலும், வெறும் ஊசி குத்தினாலும், துடிப்பு வந்தவர்களுக்கு நிவாரணம் ஏறக்குறைய சமமாக இருந்தது. துடிப்பு வராதவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. வேறுபாடு பின்நோவில்தான் இருந்தது: மருந்து பெற்றவர்களில் 42 விழுக்காட்டினருக்கும், வெறும் ஊசி பெற்ற அனைவருக்கும் சில மணி நேரத்தில் நோவு வந்தது. டிராவெலின் அனுபவ வாக்கு இங்கே உறுதியாயிற்று. பாலெட்டின் 1947 குறிப்பும் உறுதியாயிற்று.

முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜெய் ஷா குழுவினர் 2005இல் நேரடியாகப் பார்த்தனர். ஊசி ஒன்றுக்குள் நுண்குழாய்களை அமைத்து, உயிருள்ள தசையின் திரவத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சி ஆராய்ந்தனர். வலி தரும் தூண்டுபுள்ளியில் அமிலத்தன்மை கூடுதலாக இருந்தது. பிராடிகைனின், சப்ஸ்டன்ஸ் பி முதலிய வலி, அழற்சிப் பொருள்களும் கூடியிருந்தன. துடிப்புக்குப் பின் அவற்றுள் சில குறைந்தன. ஆராயப்பட்டவர்கள் ஒன்பது பேர் மட்டுமே. ஆயினும் விரலுக்கு மட்டும் தெரிந்த முடிச்சு அளவுகருவிக்கும் தெரிந்தது.

10. எதிர்வாதங்கள்

ஆஸ்திரேலியாவின் ஜான் குயின்ட்னரும் மில்டன் கோஹனும் 1994 முதல் தூண்டுபுள்ளிக் கோட்பாட்டையே மறுத்து வருகின்றனர். தசையில் தனி நோய்ப்புள்ளி இருப்பதாகச் சொல்வதற்குச் சான்று போதாது. நோவு நரம்பின் கூருணர்ச்சியால் வருவது என்பது அவர்கள் வாதம். 2015இலும் அதை விரிவாக எழுதினர். வெவ்வேறு மருத்துவர்களின் விரல்கள் ஒரே உடலில் ஒரே புள்ளியைக் கண்டுபிடிப்பதில்லை என்பது இன்னொரு வலுவான மறுப்பு. முன்கூட்டியே சேர்ந்து பயின்றவர்களிடையே உடன்பாடு கூடுகிறது என்று ராபர்ட் கெர்வின் குழு 1997இல் காட்டியது. விரலின் அறிவு பயிற்சியால் வருவது என்பதற்கும், பயிற்சி இல்லாத விரலை நம்பக்கூடாது என்பதற்கும் அது ஒருங்கே சான்று.

2001இல் கம்மிங்ஸும் ஒயிட்டும் 23 ஆய்வுகளைத் தொகுத்து இரு முடிவுகளைத் தந்தனர். செலுத்தும் பொருள் எதுவாயினும் பலன் மாறுவதில்லை. ஆனால் ஊசியின் பலன் போலிச் சிகிச்சையின் பலனைவிட மேல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க சான்றும் இல்லை. முதல் முடிவை உலர் ஊசியாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவர். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

அக்குபஞ்சரில் நடந்த பெரிய ஜெர்மானிய ஆய்வு இங்கே துணைசெய்யும். 2007இல் வெளியான அவ்வாய்வில், நாள்பட்ட இடுப்பு வலி கொண்ட 1162 பேரில் மரபுவழிப் புள்ளிகளில் ஊசி பெற்றோரில் 47.6 விழுக்காட்டினரும், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றோரில் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27.4 விழுக்காட்டினரும் தேறினர். கழித்தல் இங்கே இடத்தையே தொட்டுவிட்டது. தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் பின்வாங்கும் போலி ஊசியை 1998இல் ஸ்ட்ரைட்பெர்கர் உருவாக்கியபின், ஊசியையே கழித்துப் பார்ப்பதும் இயலக்கூடியதாயிற்று. 2017இல் இயன்முறை மருத்துவர்கள் செய்யும் உலர் ஊசி பற்றிய தொகுப்பாய்வில் கேட்டி உள்ளிட்டோர், உடனடியாகவும் சில வாரங்கள் வரையிலும் வலி குறைகிறது; சான்றின் தரம் மிகக் குறைவு முதல் நடுத்தரம் வரை; நீண்டகாலப் பலனுக்குச் சான்று போதாது என்றனர். இன்றைய நிலையை அளவோடு சொல்லும் முடிவு அது.

11. ஊசி யார் கையில்?

மருந்து செலுத்துவது மருத்துவரின் உரிமை. ஊசியிலிருந்து மருந்து விலகியதும் அந்த எல்லை மங்கியது. இயன்முறை மருத்துவர்கள் ஊசியை எடுத்தனர். பல நாடுகளில் அக்குபஞ்சர் கலைஞர்கள் இதை எதிர்த்தனர். துளையில்லா அதே ஊசி, பெரும்பாலும் அதே புள்ளி, சில நாள் பயிற்சி, வேறு பெயர் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 1977இல் மெல்சாக் குழுவே தூண்டுபுள்ளிகளுக்கும் அக்குபஞ்சர் புள்ளிகளுக்கும் 71 விழுக்காடு பொருத்தம் உண்டு என்று எழுதியது. பிற்காலத்தில் ஸ்டீஃபன் பர்ச் அந்தக் கணக்கை மறுத்தார். அமெரிக்காவில் இது நீதிமன்றங்கள் வரை சென்றது. 2018 டிசம்பரில் வட கரோலினா உச்ச நீதிமன்றம் இயன்முறை மருத்துவர்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. வேறு மாநிலங்கள் வேறு நிலை எடுத்தன.

எல்லைச் சண்டையைவிட நோயாளிக்கு முக்கியமானது பாதுகாப்பு. அயர்லாந்தில் 39 இயன்முறை மருத்துவர்கள் செய்த 7629 சிகிச்சைகளை 2014இல் பிரேடி குழு ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 19 விழுக்காட்டில் சிறு தொல்லைகள் இருந்தன. ரத்தக்கட்டு, சிறு கசிவு, நோவு ஆகியவையே அவை. கடும் விளைவு எதுவும் இல்லை. எனினும் தோள், மேல்முதுகு, விலா ஆகிய இடங்களில் கோணம் பிசகினால் ஊசி நுரையீரல் உறையைத் துளைக்கும். அது உயிருக்கு ஆபத்து. அத்தகைய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போரிடம் முன்கூட்டியே கேட்டறிவதும், ஒருமுறை பயன்படுத்திய ஊசியை எறிவதும் தவிர்க்க முடியாத கடமைகள்.

தமிழகத்தின் பெருநகரங்களில் இன்று 'டிரை நீடிலிங்' என்னும் சொல் பிசியோதெரபி நிலையங்களின் பலகைகளில் சாதாரணமாகக் காணப்படுகிறது. வார இறுதி வகுப்பு ஒன்றில் கற்றுக்கொண்ட கையும், பல ஆண்டு தசைகளைத் தடவிப் பழகிய கையும் நோயாளியின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அந்த வேறுபாட்டை வெளிப்படையாகக் காட்டும் பயிற்சி நெறிகள் நமக்கு வேண்டும்.

12. முடிவுரை

இவ்வரலாற்றில் சேர்க்கப்பட்டவை பல: மார்ஃபின், நோவோகெய்ன், உப்புநீர். ஒவ்வொன்றும் பின்னர் கழிக்கப்பட்டது. அடுத்து ஆழம் கழிந்தது. புள்ளியின் துல்லியமும் ஐயத்துக்கு உள்ளானது. போலி ஊசி வந்தபின் துளைத்தலே ஐயத்துக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு கழித்தலிலும் பலனில் ஒரு பங்கு குறைந்திருக்கலாம். ஒரு பங்கு தங்கியும் இருக்கிறது. எனவே உலர் ஊசியை வெறும் மனப்பிரமை என்று தள்ளுவதும், சர்வரோக நிவாரணி என்று விற்பதும் இவ்வரலாற்றுக்குப் பொருந்தா. அசைவும் உடற்பயிற்சியும் தொடங்குவதற்குப் போதுமான நாள்களுக்கு வலியைத் தணிக்கும் துணைக்கருவி என்ற இடமே சான்றுகள் அதற்குத் தரும் இடம்.

கடைசிவரை கழிக்கப்படாத ஒன்று உண்டு. சுன் சிமியாவின் காலத்திலும், கெல்கிரனின் ஆய்வகத்திலும், டிராவெலின் காசநோய் விடுதியிலும், கன்னின் தொழிலாளர் வாரியத்திலும் ஊசிக்கு முன்னே ஒரு விரல் சென்றது. எக்ஸ்ரே எதையும் காட்டாதபோதும் அந்த விரல் நோயாளியை நம்பித் தேடியது. சரியான இடத்தில் அது அழுந்தியதும் நோயாளி சொன்ன சொல் சீனத்தில் 'அ-ஷி'. நம் வீட்டில் தைலம் தேய்க்கும் கையிடம் நாம் சொல்வது, 'அங்கேதான், அங்கேதான்'. தன் வலிக்கு ஓர் இடம் உண்டு என்பதை இன்னொருவரின் விரல் ஒப்புக்கொண்ட அந்தக் கணத்திலிருந்தே சிகிச்சை தொடங்குகிறது. எதிர்கால ஆய்வுகள் ஊசியின் கனத்தையும் ஆழத்தையும் அளப்பதோடு, அந்த விரலின் பங்கையும் அளக்க வேண்டும்.